முதுகுக்கு அடியில் ஒரு கை

தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் மெர்லின் "இன்னும் ரெண்டே அடிதான் மேடம், கீழ சமதளம், வழுக்காது" என்று கையை நீட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு என்ன, என் மாணவிகளைவிட நாலைந்து வயது கூட இருப்பாள், பிசியோதெரபி படித்தவள், தண்ணீருக்குள் வீட்டு ஹாலில் நடக்கிற மாதிரி நடக்கிறாள். எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மூச்சு இறுகுகிறது. ஏன் இறுகுகிறது என்று எனக்குத் தெரியும், பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்து போர்டில் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன், ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும், எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தள்ளும், ஆகவே வெளியிலிருந்து தண்ணீர் என் விலா எலும்பைத் தள்ளுகிறது, நான் உள்ளேயிருந்து அதைத் தள்ளிக்கொண்டு மூச்செடுக்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். தெரிந்து என்ன பண்ண. என் நெஞ்சு என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தாயா, யாராவது மூழ்கினதைப் பார்த்தாயா என்று கேட்பார்கள், ஒன்றும் கிடையாது, எனக்குத் தண்ணீர் என்றால் பயம், காரணமில்லாத பயம், குளிக்கும்போது தலையில் மொண்டு ஊற்றினால் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஊற்றுவேன். இப்போது இந்தச் சுடிதார் வேறு. இதற்காகவே நேற்று காந்திபுரத்தில் வாங்கினேன், சுடிதார் என்று கல்யாணத்துக்கு முன்னால் போட்டதுதான், அதற்கப்புறம் இன்றைக்குத்தான். உள்ளே காற்று புகுந்து வயிற்றுக்கு முன்னால் பலூன் மாதிரி உப்பி மேலே வருகிறது, நான் அமுக்குகிறேன், அது முதுகுப் பக்கமாகப் போய் உப்புகிறது. கரையில் வீல்சேரில் வரிசைக்குக் காத்திருக்கிற பெரியம்மா ஒருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், சிரிப்பை மறைக்கிறார் போல. சிரிக்கட்டும். மருத்துவமனைக்குள் இப்படி ஒரு குளம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, பெரிய ஹால், உயரத்தில் கண்ணாடி ஜன்னல், காலை வெயில் தண்ணீரில் விழுந்து கூரையில் ஆடுகிறது, குளோரின் வாசனை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற சூடு. மேலே மாமா வருகிறார், என் வீட்டுக்காரர்.

மேலேதான். சின்ன கிரேன் மாதிரி ஒன்று, அதன் முனையில் நாற்காலி, அதில் அவரை உட்கார வைத்துப் பெல்ட் போட்டிருக்கிறார்கள், கரையில் நிற்கிற ஆள் பட்டனை அமுக்க அமுக்க நாற்காலி அந்தரத்தில் திரும்பிக் குளத்துக்கு மேலே வந்து நிற்கிறது. கால் இரண்டும் தொங்குகின்றன. எவ்வளவு மெலிந்துவிட்டது அந்தக் கால். ஊரில் பாதிப் போர்வெல்லுக்கு இந்தக் காலை ஊன்றி நின்று மோட்டார் இறக்கியவர், பைப் பைப்பாகக் கோத்துச் செயினில் தொங்கவிட்டு, 'மெதுவா, மெதுவா உடு' என்று கத்திக்கொண்டே. எனக்குத் தோன்றுவது அவருக்கும் தோன்றிவிட்டது. "மோட்டார் எறக்கறாப்பல எறக்கறீங்களே கண்ணு" என்கிறார் மெர்லினைப் பார்த்து. அவள் "மோட்டாரு இத்தனை பேச்சுப் பேசாது சார்" என்கிறாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தானாக ஒரு வார்த்தை பேசினாரே. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் தானாகப் பேசினது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சோறு பிசைந்து கொண்டுபோனபோது, தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார், "அம்மிணி, அந்தத் தண்ணி வைத்தியத்துக்கு ஒரு தடவை வர்றேன். நீ கேட்டுட்டேன்னு வர்றேன். அதுக்கப்புறம் என்னைய விட்ரோணும். மாத்திரை, ஊசி, எக்ஸர்சைஸ் ஒண்ணும் வேண்டாம். எத்தன நாளைக்குப் போகுதோ போகட்டும்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிசைந்து பிசைந்து கூழாகிவிட்டது. சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. அந்த ஒரு தடவைதான் இது. இன்றைக்குத்தான். இந்த அரைமணி நேரம்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

நாற்காலி இறங்குகிறது. பாதம் தண்ணீரைத் தொடுகிறது, அவருக்குத் தெரியவில்லை, தொட்டது தெரியாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார், முட்டி வரை போன பிறகும் தெரியவில்லை, தொடையில் பாதி போனபோதுதான் "ம், சுடுதண்ணி" என்கிறார். கால் முடியில் குட்டிக் குட்டிக் குமிழாகக் காற்று ஒட்டிக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னுகிறது. உணர்ச்சி முழுக்கப் போகவில்லை, பாதிதான் போயிருக்கிறது என்றார் டாக்டர், பாதி போனதுதான் கஷ்டம், போன பாதி தொட்டால் தெரியாது, இருக்கிற பாதி தொடாமலே எரியும். அவர் விழுந்தது யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி டேங்க் ஏணியிலிருந்து. ஏணி டேங்கோடு சேர்த்து வெல்டிங் வைத்தது. பெயிண்ட் மேலே பளபளவென்று இருந்ததாம், உள்ளே துரு. ஏணிப்படி ஒரே நாளில் உடைவதில்லை, அதையும் நான்தான் நடத்துகிறேன், தாங்கக்கூடிய பளுதான், ஆனால் மறுபடி மறுபடி ஏறி மறுபடி மறுபடி இறங்கினால் உள்ளே மயிரிழையாக ஒரு விரிசல் விழும், அது யாருக்கும் தெரியாமல் வளரும், உலோகத்துக்கும் சோர்வு உண்டு, கடைசியில் எப்போதும்போல ஒரு கால் வைக்கும்போது விட்டுவிடும். விழுவது உடம்பை ஒன்றும் செய்வதில்லை. நிற்பதுதான் செய்கிறது. எவ்வளவு நேரத்தில் நிற்கிறோம் என்பதுதான். சிமெண்டுத் தரையில் சட்டென்று நின்றார், இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. அங்கிருந்து ஒரு கை தூரத்தில் எம்-சாண்டு கொட்டி வைத்திருந்தார்கள். நான் பிறகு போய்ப் பார்த்தேன், போயிருக்கக் கூடாது, போனேன். மணலில் விழுந்திருந்தால் புதைந்து மெதுவாக நின்றிருப்பார், அதே வேகம், அதே எடை, நிற்க எடுக்கும் நேரம் மட்டும் கொஞ்சம் கூடுதல், விசை அத்தனை குறைந்திருக்கும், எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஒரு கை தூரம். வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் இப்போதெல்லாம் எனக்கு நாக்கு நின்றுவிடுகிறது. ஒரு கை தூரம். வேண்டாம், அங்கே போகாதே, திரும்பு, இங்கே பார், அவர் இறங்கிவிட்டார்.

பெல்ட்டைக் கழற்றுகிறாள் மெர்லின். "மேடம் நீங்க தோள்பட்டையப் பிடிச்சுக்குங்க, நான் கால் பக்கம்." பிடிக்கிறேன். நாற்காலி அவருக்கு அடியிலிருந்து விலகுகிறது, உடனே கால் இரண்டும் தாமாக மேலே எழுகின்றன, அவர் பயந்துபோய் "ஏய், ஏய்" என்று என் தோளை இறுக்கிப் பிடிக்கிறார், அந்த நேரம் பார்த்து வலது கால் வெட்டி இழுக்கிறது, எப்போதும் வருகிற இழுப்புதான், கட்டிலில் வந்தால் நான் முட்டியை மடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இங்கே என் கால் நழுவுகிறது, தண்ணீர் கழுத்துக்கு வந்து வாயில் ஏறிவிட்டது, போச்சு, இரண்டு பேரும் போச்சு, நான் கத்தினேனா, கத்தவில்லை, வாய்க்குள் தண்ணீர் இருக்கிறது. மெர்லின் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நிக்கிறீங்க பாருங்க." நிற்கத்தான் நிற்கிறேன். இருமுகிறேன். மாமா என்னைப் பார்க்கிறார். "உனக்கு ஆகாதுன்னு தெரியுமல்லோ, எதுக்கு எறங்குன? ஆள் யாரையாவது விட்டிருக்கலாமல்லோ." "வேற யாரு வந்தாலும் நீங்க எறங்கியிருக்க மாட்டீங்க மாமா." அவர் கை இன்னும் என் தோளில் இருக்கிறது. கல்யாணமான புதுசில் பவானி ஆற்றில் மல்லாக்கப் படுத்து மிதப்பார், கையைக் காலை ஆட்டாமல், வெயிலைப் பார்த்துக்கொண்டு, நான் கரையில் அவர் வேட்டியையும் வாட்சையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், "வா அம்மிணி, நான் புடிச்சுக்கறேன்" என்று கூப்பிடுவார், மாட்டேன் என்பேன், அவர் வற்புறுத்தினதே இல்லை, கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் தண்ணீரை வாரி என் பக்கம் ஒரு இறைப்பு இறைப்பார், அவ்வளவுதான். எந்த விஷயத்திலும் வற்புறுத்தாத மனுஷன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னது எனக்கு இத்தனை பயமாக இருக்கிறது.

கழுத்துக்கு ஒரு நுரை வளையம், இடுப்புக்கு ஒரு பட்டை. மெர்லின் சுறுசுறுப்பாகக் கட்டிவிட்டு அவர் தலைமாட்டுக்கு வந்து நின்றுகொள்கிறாள். "சார், தலையைப் பின்னால விடுங்க. காதுல தண்ணி போகும், போகட்டும். மேடம், நீங்க முதுகுக்கு அடியில கைய வைங்க." வைக்கிறேன். உள்ளங்கையில் அந்தத் தழும்பு தட்டுப்படுகிறது, நீளமாக, நான் தினமும் துடைத்துவிடுகிற தழும்பு, அதற்கு அடியில் கம்பியும் திருகாணியும் இருக்கின்றன, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், டாக்டர் பேனாவால் சுட்டிக் காட்டியபோது நான் பொருளின் பெயரை, அதன் வலுவை, அது தாங்கும் பளுவை எல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அழாமல் இருப்பதற்காக. இப்போது கையில் அவர் இருக்கிறார். இருக்கிறாரா? எடையே இல்லை. கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தூக்கி வைப்பதற்குள் என் முதுகு விட்டுப்போகும், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் நானே தூக்க வேண்டும் என்று ஒரு வீம்பு, ஆறு மாதமாகத் தூக்கித் தூக்கி என் உடம்பே அவர் எடையை அறியும், எந்த இடத்தில் எத்தனை கனம் என்று அறியும். அந்த எடை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அவர் உடம்பு எத்தனை தண்ணீரை விலக்கியதோ அத்தனை தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் கீழேயிருந்து தூக்குகிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சொல்லும். ஆனால் என் கையை வைத்துக்கொண்டு இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டிருந்தேனே, மாமா, இத்தனை நாளும் நான் ஒருத்தியே. முகம் முழுக்க ஏற்கெனவே ஈரம், நல்லதாய்ப் போயிற்று.

"இப்ப கைய எடுங்க மேடம்." எடுக்கிறேன், எடுக்கத்தான் போகிறேன். எடுக்கவில்லை. இரண்டு விரலுக்கு மேல் நான் கொடுக்கிற விசை இல்லை, எனக்கே தெரிகிறது, நான் பிடிப்பதால் அவர் மிதக்கவில்லை, பிடிக்காவிட்டாலும் மிதப்பார். ஆனால் எடுத்துவிட்டால்? நுரை வளையம் கழன்றால்? திரும்ப இழுப்பு வந்தால்? முகம் கவிழ்ந்தால் அவரால் புரள முடியுமா, கட்டிலிலேயே நான்தானே புரட்டுகிறேன். மெர்லின் தலைமாட்டில் நிற்கிறாள், அவள் கை அவர் கழுத்தருகே இருக்கிறது, அவள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். எடு. ஒரு கம்பியை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும், ஒரு எல்லை வரைக்கும், அதைத் தாண்டி இழுத்தால் விட்டாலும் வராது, இழுபட்டது இழுபட்டதுதான். அந்த எல்லையை எப்போது தாண்டினோம் என்று கம்பியைப் பார்த்துத் தெரியாது, விட்டுப் பார்த்தால்தான் தெரியும். விட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் தாண்டிவிட்டாரா. ஊசி, மாத்திரை ஒன்றும் வேண்டாம் என்றாரே, அப்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை பயந்திருக்க மாட்டேன். "மேடம்?" என்கிறாள் மெர்லின். "ஒரு நிமிஷம்மா." அவர் கண்ணை மூடியிருக்கிறார். காதெல்லாம் தண்ணீருக்குள். நாங்கள் பேசுவது கேட்காது என்று நினைத்தேன், கண்ணைத் திறக்காமலே சொல்கிறார், "எடு அம்மிணி." "எடுக்கட்டுங்களா?" "ம்." நான் கையைக் கொஞ்சம், ஒரு விரல்கடை, கீழே இறக்குகிறேன். அவர் முதுகும் கூடவே இறங்குகிறது, ஐயோ என்று மறுபடி தொடப் போகிறேன், அதற்குள் நின்றுவிட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டது. என் கைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறது.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் மேலே வருகிறது, விடும்போது கொஞ்சம் கீழே போகிறது. காற்று உள்ளே போனால் உடம்பு பெருக்கும், பெருத்தால் இன்னும் அதிகத் தண்ணீரை விலக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் அசைந்தால் சின்ன அலை கிளம்பிப் போய் அவர் தாடையில் தட்டுகிறது, அதனால் அசையவில்லை. கட்டிலில் இவர் படுத்துக் கிடப்பது நினைவுக்கு வருகிறது. படுக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உடம்பு முழுவதும் அதில் படுவதில்லை, குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, பின்தலை, இந்த நாலைந்து இடம்தான் மொத்த மனுஷனையும் தாங்குகிறது, அந்தச் சின்னச் சின்ன இடத்தில்தான் அத்தனை விசையும் இறங்குகிறது, அதனால்தான் புண் வந்தது. புண் ஆறினால்தான் குளத்தில் விடுவோம் என்றார்கள், மாதக்கணக்கில் அதை ஆற்றினேன். காற்று மெத்தை வாங்கிப் போட்டேன், அது ஒரு பக்கம் உப்பி ஒரு பக்கம் சப்பி உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அவர் தூங்கவே இல்லை. கண் அசருவார், காலில் தீ வைத்த மாதிரி எரியும், விழித்துக்கொள்வார். நான் தூங்க வேண்டும் என்பதற்காக அவர் தூங்குவதுபோலக் கிடப்பார், அவர் அப்படிக் கிடப்பது எனக்குத் தெரியும், தெரிந்தது தெரியக் கூடாதென்று நானும் தூங்குவதுபோலக் கிடப்பேன். ஆறு மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தூங்கிக் காட்டிக்கொண்டிருக்கிறோம். இங்கே தண்ணீர் அவர் உடம்பில் ஒரு இடம் விடாமல் படுகிறது. எந்த இடத்துக்கும் தனியாகப் பாரம் இல்லை. முட்டி மடிப்பு, இடுப்பின் குழிவு, விரலிடுக்கு, கட்டிலும் மெத்தையும் நானும் தொட முடியாத இடமெல்லாம் தொட்டுத் தாங்குகிறது.

வாய் திறந்துகொண்டது. ஏன் வாய் திறக்கிறது. தாடை தொங்குகிறது. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற அந்தச் சுருக்கம், அந்த விபத்துக்கு அப்புறம் வந்து போகவே போகாத சுருக்கம், காணோம். முகம் வழித்துவிட்டது போல இருக்கிறது. இப்படி ஒரு முகத்தை நான் என் அப்பாவுக்குக் கடைசியாகப் பார்த்தேன். நெஞ்சு மேலே வருகிறதா? வரவில்லை. வருகிறதா? கூரையிலிருந்து வெளிச்சம் ஆடுவதால் தெரியவில்லை. "மெர்லின்" என்கிறேன், சத்தம் வரவில்லை, "மெர்லின், மெர்லின், அவரைப் பாரு." அவள் குனிந்து பார்க்கிறாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். உதட்டில் விரலை வைக்கிறாள். "தூங்கிட்டார் மேடம்."

தூங்கிவிட்டாரா. நான் நம்பாமல் குனிகிறேன், தண்ணீர் என் கழுத்தெலும்பைத் தொடுகிறது, இன்னும் குனிகிறேன், அப்போதுதான் கேட்கிறது. முதலில் ஒரு சின்ன இழுப்பு. அப்புறம் ஒரு கரகரப்பு. அப்புறம் குறட்டை, அசல் குறட்டை, எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அறிந்த குறட்டை, ஒரு காலத்தில் நான் தலையணையால் அடித்து நிறுத்தின குறட்டை, டைல்ஸ் ஒட்டின இந்த ஹாலில் பட்டு எதிரொலித்துப் பெரிசாகிறது. இவர் நடித்தபோதெல்லாம் குறட்டை விட்டதே இல்லை, அது அவருக்குத் தோன்றவே இல்லை, அதனால்தான் எனக்கு எப்போதும் தெரிந்துவிடும். கரையில் பட்டனை அமுக்கின ஆள் திரும்பிப் பார்க்கிறார், சிரிக்கிறார். கைக்கடிகாரத்தைத் தட்டி மெர்லினுக்குக் காட்டுகிறார், நேரமாகிவிட்டது, அடுத்த ஆள் காத்திருக்கிறது. மெர்லின் என்னைப் பார்க்கிறாள். நான் என்ன சொல்ல, மற்றவர்களுடைய நேரம் அது, அவர்களுக்கும் வலிதானே, எழுப்ப வேண்டியதுதான், எழுப்பினால் அந்தச் சுருக்கம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும், அவர் கொடுத்த ஒரு தடவை முடிந்துவிடும். வீல்சேர் பெரியம்மா கரையிலிருந்து கை காட்டுகிறார். "எழுப்பாத கண்ணு" என்கிறார் மெதுவாக. "பாவம், எத்தன நாளாச்சோ. நான் இருக்கறேன். எனக்கு என்ன, ஊட்டுக்குப் போனா சும்மாதான உக்காந்திருப்பேன்." கும்பிட வேண்டும் போல இருக்கிறது. தண்ணீரிலிருந்து கையை எடுத்தால் அலை கிளம்பும். தலையை மட்டும் ஆட்டுகிறேன். பெரியம்மாவுக்குப் புரிகிறது.

மெர்லின் அவரை மிக மெதுவாக, ஒரு தொட்டிலை ஆட்டுகிற அளவுக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துகிறாள், தண்ணீர் அவர் காலைச் சுற்றி வழிந்து பின்னால் போய் மூடிக்கொள்கிறது, கால் அதன் போக்கில் வளைகிறது, இழுப்பு இல்லை, வெட்டல் இல்லை. நானும் கூடவே நகர்கிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் போல இருக்கிறது, நடக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் வேண்டிக்கொண்டேன், அதெல்லாம் அப்புறம், மாமா தூங்குகிறார். குறட்டை ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறது. இமை அசைகிறது, பாதி திறக்கிறது, என்னைப் பார்க்கிறார், ஆனால் இங்கேயிருந்து பார்க்கவில்லை, எங்கேயோ நெடுந்தூரம் போகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டு, பிரேக் போட்ட குலுங்கலில் விழித்துக்கொண்டவர் மாதிரி பார்க்கிறார்.

"ஊரு வந்துருச்சா அம்மிணி?"

"இன்னும் இல்லீங் மாமா. தூங்குங்க."